மேஜரின் புரோகிராமை யாரும் சோதிக்கவில்லை

ராணுவத்திலிருந்து ஓய்வு பெறப்போகும் வீரர்களுக்குக் கணினித் துறையைப் பற்றிப் பேச வேண்டும் என்று போன மாதம் என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘ராணுவ ஒழுக்கம் எனக்குக் கணினித் துறையில் கைகொடுத்த விதம்.’ கைகொடுக்கவில்லை என்று ஒருவன் வந்து சொல்லிவிடக்கூடும் என்ற சந்தேகமே ஏற்பாட்டாளர்களுக்கு வரவில்லை. மண்டபத்தில் குளிர்சாதனம் நன்றாக இருந்தது. சாப்பிடக் கொடுத்த மீகூனும் நன்றாக இருந்தது. ஆகவே அவர்கள் விரும்பியதையே பேசினேன். நேரம் தவறாமை, கட்டளைக்குக் கீழ்ப்படிதல், குழு உணர்வு. கைதட்டி, ஒரு குடையைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

வெளியே வரும்போது ஒரு கோப்ரல் என்னை நிறுத்தி, “அங்கிள், உண்மையிலேயே அப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டார். பஸ் வந்துவிட்டதால் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டேன். அவருக்குச் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன். கட்டளைக்குக் கீழ்ப்படியும் எங்கள் அருமையான பழக்கத்தால் ஒரு பெண்ணின் வேலை போனது, அவள் அண்ணன் லாக்கப்புக்குப் போனான். மற்றபடி ஒழுக்கம் நன்றாகவே கைகொடுத்தது.

என் பெயர் ஆரோக்கியசாமி. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் ராணுவத்தில் தகவல்தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். முதுகில் வானொலிப் பெட்டியைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்து, இங்கே மழை பெய்கிறது என்று மறுமுனைக்குச் சொல்வது என் வேலை. மறுமுனையிலும் மழைதான் பெய்துகொண்டிருக்கும். இதைத் திறம்படச் செய்ததால் சார்ஜண்ட் ஆக்கினார்கள்.

நாற்பது வயதை நெருங்கியபோது ஓய்வு. வெளியே போகிறவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஒரு தொழிற்பயிற்சி கொடுப்பார்கள். கோழி வளர்ப்பு, மோட்டார் பழுது பார்த்தல், முடிதிருத்தம், கணினி. நான் கேட்டது கோழி வளர்ப்பு. அதில் இடம் நிரம்பிவிட்டது. கணினி வகுப்பில் ஆள் போதவில்லை. நாட்டின் தொழில்நுட்ப வளர்ச்சிக்கு நான் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வகுப்பில் கோபால் என்ற கணினி மொழியைச் சொல்லித் தந்தார்கள். ஆங்கிலத்தில் எழுத்துகள் வேறு மாதிரி இருக்கும். எங்கள் வாத்தியார் வாயில் அது கோபால்தான். தூக்கத்திலும் நான் அதையே புலம்பியிருக்கிறேன். என் மனைவி பிலோமினா ஒரு காலையில் தேநீரை வைத்துவிட்டு, “யாருங்க அந்த கோபால்? கேம்ப்ல உங்ககூட இருந்தவரா?” என்று கவலையோடு விசாரித்தாள்.

சான்றிதழோடு வேலை தேடிப் போனேன். போன இடங்களில் எல்லாம் என் ராணுவப் பத்திரங்களைப் பார்த்ததும், பாதுகாவலர் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று மரியாதையோடு வழி காட்டினார்கள். கடைசியில் என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசியவர் மேஜர் லெட்சுமணன்.

மேஜர் ஒரு செட்டியார் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் எல்லாரும் குடும்பத் தொழிலைக் கவனிக்க, இவர் மட்டும் சீருடை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ராணுவமே அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கணினி படிக்க வைத்தது. எண்பதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்று, கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் நிறுவனத்தில் கணினிப் பிரிவின் தலைவராக இருந்தார். கப்பலில் வரும் கன்டெய்னர்களை எங்கள் யார்டில் அடுக்கி வைப்போம். சரக்குக்குச் சொந்தக்காரர் அனுப்பும் லோரியில் அவற்றை ஏற்றிவிடுவோம். எது வந்தது, எது போனது என்பதை அதுவரை கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் கரும்பலகையை எடுத்துவிட்டுக் கணினி வாங்கி வைத்தார். போட்டி நிறுவனக்காரர் வாங்கிவிட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மேஜர் தமக்குக் கீழே வேலை செய்ய முன்னாள் படைவீரர்களாகப் பார்த்து எடுத்தார். எனக்கு முன்பே, ராணுவப் போலீசில் இருந்த ஹம்சா வந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பட்டதாரிகளும் உண்டு. நிறுவனம் வற்புறுத்தியதால் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

காலை எட்டு மணிக்கு அணிவகுப்பு. கணினி அறையின் வாசலில் உயர வரிசைப்படி நிற்போம். மேஜர் முதலில் எங்கள் காலணிகளைப் பார்ப்பார், அப்புறம் நகங்களை, அப்புறம்தான் முகத்தை. ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னால் வந்து, நேற்று எதை முடித்தோம், இன்று எதை முடிப்போம், எது தடையாக இருக்கிறது என்று உரத்த குரலில் அறிவிக்க வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகள் இதற்கு அழகான பெயர் வைத்து, நின்றுகொண்டே கூட்டம் நடத்துகிறார்களாம். அதைச் சொல்லிக் கொடுக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்களாம். எங்களுக்கு மேஜர் இலவசமாகவே செய்தார், நகத்தையும் பார்த்தார்.

மேசையில் பென்சில்கள் ஒரே திசையில் கிடக்க வேண்டும். புரோகிராமை இயந்திரத்தில் ஏற்றும் முன்னால், “அனுமதி வேண்டும், சார்” என்று கேட்க வேண்டும். தவறு வந்தால் மன்னிப்பு இயந்திரத்திடம் அல்ல, அவரிடம் கேட்க வேண்டும். பட்டதாரிகளில் ஒருவன் முதல் வாரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். மேஜர் கோபப்படவில்லை. அந்தப் பெயரில் வேறு யாராவது அறையில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பையன் அதற்குப் பிறகு கனவிலும் சார் என்றுதான் சொல்லியிருப்பான்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஹம்சாவின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது தமது காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். வழி நெடுக, மூச்சை எப்படி விட வேண்டும் என்று அந்த அம்மாவுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே போனார் என்று ஹம்சா சொல்வார். எங்களைப் போன்றவர்களுக்கு மேசை நாற்காலி கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் நாங்கள் அவரைக் கேலி செய்ததெல்லாம் கழிப்பறையில்தான்.

புரோகிராம்களைச் சோதிக்கும் முறைதான் எங்கள் பிரிவின் பெருமை. எழுதியவரே தன் புரோகிராமைச் சோதிக்கக் கூடாது, அவருக்கு மேல்நிலையில் உள்ளவர் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஹம்சா எழுதியதை நான் சோதிப்பேன், ஏனென்றால் அவர் கோப்ரல். நான் எழுதியதை மேஜர் சோதிப்பார். பட்டதாரிகளுக்கு ராணுவத் தகுதி எதுவும் இல்லாததால் அவர்கள் எழுதியதை எல்லாரும் சோதிப்போம். மேஜர் எழுதினால்? அவருக்கு மேலே எங்களிடம் கர்னல் யாரும் இல்லை.

வேலை பின்தங்கியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. திறப்பு விழாவுக்குத் தவுக்கே நாள் குறித்துவிட்டார். சிங்க நடனத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சிங்கம் தள்ளிப்போகாது. ஆகவே வாசல் கவுண்டருக்கான புரோகிராமைத் தாமே எழுதுவதாக மேஜர் அறிவித்தார். லோரி டிரைவர் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும், கவுண்டர் குமாஸ்தா கன்டெய்னர் எண்ணையும் லோரி எண்ணையும் தட்டுவார். கணினி சரி என்றால் கேட் திறக்கும். இதுதான் அந்தப் புரோகிராம்.

எழுதி முடித்தார். விழாவுக்கு முன்னால் நான் துணிந்து, ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மேஜர் என்னை நிதானமாகப் பார்த்தார். “உன் கமாண்டிங் ஆபீசர் துப்பாக்கியில தோட்டா இருக்கான்னு நீ தொறந்து பார்ப்பியா, சாமி?” என்றார். பார்க்க மாட்டேன் என்றேன். விஷயம் முடிந்தது. சிங்கம் ஆடியது, ரிப்பனை வெட்டினார்கள்.

வாசல் கவுண்டரில் இருந்தவள் பூங்கோதை. பந்திங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த பெண். அதிகாலை பஸ்ஸில் கிளம்பி வருவாள். அதிகம் பேச மாட்டாள். கரும்பலகை காலத்திலிருந்தே அந்தக் கவுண்டர் அவளுடையது. கணினி விசைகளை அவளுக்கும் மற்ற குமாஸ்தாக்களுக்கும் பழக்கிக் கொடுத்தது நான்தான். அவளுடைய அண்ணன் கணேசன் ஒரு லோரி கம்பெனியில் டிரைவர். எங்கள் யார்டுக்கு வாரத்தில் பல தடவை வருவான். தங்கையிடம் சீட்டை நீட்டும்போதும் மற்ற டிரைவர்களைப் போல வரிசையில் நின்றுதான் நீட்டுவான்.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகவே போயின. தவுக்கே தம் நண்பர்களைக் கூட்டிவந்து கணினியைக் காட்டினார். பிறகு ஒருநாள் மஸ்ஜித் இந்தியா தெருவில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி, தம்முடைய கன்டெய்னரை எடுக்க லோரி அனுப்பினார். உள்ளே இருந்தது ஜப்பானிலிருந்து வந்த வீடியோ ரெக்கார்டர்கள். அந்தக் காலத்தில் வீட்டில் ஒன்று வைத்திருப்பவரைத் தெருவே வணங்கும். எண்ணைத் தட்டினால், அந்தக் கன்டெய்னர் போன வாரமே போய்விட்டது என்றது கணினி. போன வாரம் அதைத் தட்டியவள் பூங்கோதை. ஏற்றிப்போன லோரி, கணேசனுடையது.

அண்ணன், தங்கை, வீடியோ ரெக்கார்டர். இதற்கு மேல் யாரும் யோசிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. தான் ஏற்றியது தரை ஓடுகள் என்றும், பூச்சோங்கில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் கொண்டுபோய் இறக்கியதாகவும் கணேசன் சொன்னான். கடைக்காரரைக் கேட்டார்கள். அவன் அடிக்கடி ஓடு கொண்டுவருவான், அன்றைக்கு வந்தானா என்பது நினைவில்லை என்றார். பழைய சீட்டைப் பார்க்கலாம் என்றால், கணினி வந்த பிறகு சீட்டுகளை அன்றன்றே கிழித்துப் போட்டுவிடுகிறோம். யார்டு மேற்பார்வையாளர் மட்டும், எதற்கும் ஒரு தடவை உள்ளே தேடிப் பார்க்கலாமே என்றார். தவுக்கே அவரை, குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தார்.

“கம்பியூட்டர் மானா போலே சாலா?” என்று மலாயில் கேட்டார். கணினி எப்படித் தப்பாகும் என்று அர்த்தம். வீடு விற்கும் விலைக்கு வாங்கிய பொருள் தப்புச் செய்யும் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் மேஜரும் அருகில் நின்று தலையசைத்தார்.

போலீசில் புகார் கொடுத்தார்கள். கணேசனை அழைத்துக்கொண்டு போய் லாக்கப்பில் வைத்தார்கள். பூங்கோதையைப் பல மணி நேரம் விசாரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது, கேட்டுக்குள் விட வேண்டாம் என்று காவலாளிக்கு உத்தரவு. இத்தனை வருஷமாக அந்தக் கேட்டைத் திறந்து மூடியவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து வீடு திரும்பினோம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் பூங்கோதை நின்றுகொண்டிருந்தாள். பந்திங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பிலோமினா அவளை உள்ளே அழைத்துச் சாப்பிடச் சொன்னாள். அவள் தட்டைத் தொடவில்லை.

“அண்ணே, நான் அன்னிக்கு அடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,” என்றாள். “மொதல்ல தப்பா அடிச்சிட்டேன். ஓடு பெட்டியும் ரெக்கார்டர் பெட்டியும் ஒரே கப்பல்ல வந்தது. கடைசியில ரெண்டு எண்தான் வேற. உடனே பார்த்துட்டு, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே பின்னாடி போய்த் திருத்தினேன். ஸ்கிரீன்ல சரியாத்தான் இருந்துச்சி. அதுக்கப்புறம்தான் கேட்டைத் தொறந்தேன்.”

இதைப் போலீசிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். கணினியில் அப்படி இல்லையே என்றார்களாம்.

“நீங்க எனக்காக யார்கிட்டயும் சண்டை போட வேணாம்,” என்றாள். “அந்த மிஷின் உள்ள போய் என்னா செய்யுதுன்னு மட்டும் பாருங்க. எங்கண்ணன் உள்ள இருக்காரு.”

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் அழவில்லை. திருத்திய எண்ணை, அதாவது ஓடு கன்டெய்னரின் எண்ணை, எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அப்புறம் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அணிவகுப்பு முடிந்ததும் அந்த எண்ணைக் கணினியில் தட்டினேன். ஓடு கன்டெய்னர் எங்கள் யார்டிலேயே இருப்பதாகச் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூச்சோங்குக்குப் போனேன். அந்தக் கடையின் பின்புறம், சேற்றில் சாய்ந்தாற்போல ஒரு கன்டெய்னர் நின்றது. ஓடுகளை இறக்கிவிட்டு, அதைத் திருப்பி அனுப்பாமல் சிமெண்டு மூட்டை வைக்கும் அறையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார் கடைக்காரர். விசாரிக்க வந்தவர்களிடம் அதைப் பற்றிப் பேசாததற்குக் காரணமும் புரிந்தது. பக்கவாட்டில் எண் பெரிதாக எழுதியிருந்தது. அது பூங்கோதை சொன்ன எண்.

யார்டில் இருப்பதாகக் கணினி சொன்ன பெட்டி பூச்சோங்கில் இருந்தது. அப்படியென்றால், போய்விட்டதாகக் கணினி சொன்ன பெட்டி எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை. தேவைப்பட்டதெல்லாம், ஒரு மேஜரிடம் போய் உங்கள் புரோகிராம் தப்பு என்று சொல்லும் ஒரு சார்ஜண்ட். திரும்பி வரும் வழி முழுக்க மோட்டார் சைக்கிளில் அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். காட்டில் கண்ணிவெடிப் பாதையில் நடந்திருக்கிறேன். அங்கே இவ்வளவு வியர்க்கவில்லை.

அவர் அறையில் விறைப்பாக நின்று சொன்னேன். மேஜர் கேட்டார்.

“என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா, சாமி?”

“தெரிஞ்சுதான் சொல்றேன், சார்.”

“அந்தப் பெட்டிய உன் கண்ணால பார்த்தியா?”

“தொட்டுப் பார்த்தேன், சார்.”

மேசையில் இருந்த பென்சில்களை ஒரே திசையில் நேராக்கினார். பிறகு எழுந்து கதவைத் திறந்து, கணினிப் பிரிவு முழுவதும் யார்டில் அணிவகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். டை கழற்றக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

பிற்பகல் வெயிலில் டை கட்டிய கணினிக்காரர்கள் கன்டெய்னர்களுக்கு நடுவே தேடுதல் வேட்டை நடத்தியதைக் கிள்ளான் துறைமுகம் அதற்கு முன்னும் பார்த்திருக்காது, பின்னும் பார்த்திருக்காது. கையை நீட்டினால் பக்கத்து ஆளைத் தொடும் இடைவெளியில் வரிசையாக நடந்தோம். ஒவ்வொருவரும் தம் பக்கத்துப் பெட்டியின் எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். மேஜர் நடுவில், கையில் சுருட்டிய காகிதத்தோடு. கிரேன் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்திவிட்டு மேலே இருந்து வேடிக்கை பார்த்தார்கள். பட்டதாரிகளில் ஒருவன் என் பக்கத்தில் நடந்துகொண்டே, இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று மெதுவாகக் கேட்டான். பேசாமல் எண்ணைப் படி என்றேன்.

கண்டுபிடித்தவர் ஹம்சா. கடைசி வரிசையில், இரண்டு பெட்டிகளுக்கு அடியில், வீடியோ ரெக்கார்டர் கன்டெய்னர் பூட்டும் முத்திரையும் கலையாமல் உட்கார்ந்திருந்தது. எதிரிப் படைத் தளபதியைப் பிடித்தவர் போல ஹம்சா கத்தினார். நாங்களும் கைதட்டினோம். மேஜர் கைதட்டவில்லை. எண்ணை இரண்டு தடவை படித்துவிட்டு அலுவலகத்தை நோக்கி நடந்தார். அவர் வேகத்துக்கு நான் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது.

தம் புரோகிராமைக் காகிதத்தில் அச்சடித்து மேசை முழுக்க விரித்தார். வரைபடத்தில் ஆற்றைக் கடக்க இடம் தேடுவது போல, வரி வரியாகப் பென்சிலை நகர்த்திக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்றேன். பென்சில் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

“திருத்தினது ஸ்கிரீனுக்கு மட்டும்தான் போகுது,” என்றார் மெதுவாக. “பதிவுக்குப் போகல. மொத தடவை அடிச்சதே உள்ள தங்கிடுது.”

அவ்வளவுதான் விஷயம். தப்பாக அடித்த எண்ணில் பெட்டியே இல்லையென்றால் கணினி அதை ஏற்றுக்கொள்ளாது. அந்தத் தப்பான எண்ணிலும் நிஜமாகவே ஒரு பெட்டி யார்டில் இருந்தால் மட்டும் இந்தக் கூத்து நடக்கும். பூங்கோதைக்கு நடந்தது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பாக அடித்துத் திருத்திப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் கமாண்டிங் ஆபீசரின் துப்பாக்கியை யாரும் திறந்து பார்க்க மாட்டார்களே.

அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ராணுவத்தில் தவறு எப்போதும் மேலே பிறக்கும், கீழே வந்து சேரும், வழியில் எங்கும் தங்காது. தவுக்கேயும் அப்படித்தான் நினைத்தார். பெட்டி கிடைத்ததைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பெண் தப்பாக அடித்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம், அவளும் பாவம், திரும்ப வேலைக்கு வரட்டும் என்றார். கணினி தப்புச் செய்தது என்று வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர்கள் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடுவார்களே என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். அதைக் கேட்டுவிட்டு மேஜர் தலையசைப்பார் என்று நான் காத்திருந்தேன்.

“அந்தப் பொண்ணு தப்பா அடிச்சா, அதைத் திருத்தவும் செஞ்சா, சார். தப்பைத் திருத்தாதது நான் எழுதின புரோகிராம்,” என்றார் மேஜர். தமிழ் தெரியாத தவுக்கேயிடம் முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்தாற்போல ஆங்கிலத்தில் சொன்னார்.

போலீஸ் நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன். போகும் முன்னால் வீட்டுக்குப் போய், படைப்பிரிவின் சின்னம் பொறித்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். விருந்துக்குப் போடும் கோட்டு அது. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவர் இவ்வளவு மிடுக்காக வந்ததை அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது, இரண்டு போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் இளைஞர். மேஜர் வரைபடம் போட்டு விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், அப்படியானால் யார் மேல்தான் தப்பு என்று எழுதுவது என்று குழம்பினார். புரோகிராம் மேல் என்றால், அந்த ஆளின் பெயர் என்ன என்று கேட்டார்.

மேஜர் தம் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

மறுநாள் கணேசனை விட்டார்கள். பூங்கோதை வாசலில் காத்திருந்தாள். மேஜரும் நானும் சற்றுத் தள்ளி நின்றோம். கணேசன் மெலிந்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது. மேஜர் போய் அவனிடம் கையை நீட்டினார். கணேசன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, “சாப்ட்டியா?” என்று கேட்டான். இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனார்கள். நீட்டிய கையை மேஜர் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தவுக்கே சும்மா விடவில்லை. கணினிப் பிரிவைக் கணக்குப் பிரிவின் கீழே கொண்டுபோய் வைத்தார். மேஜருக்கு மேலே இப்போது ஒரு கணக்கு மேலாளர். வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தக் கணினியை ஓட்ட அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்பதே காரணம். மன்னிக்கும் குணம் என்று நிறுவனத்தின் ஆண்டு விருந்தில் அதைச் சொன்னார்கள்.

பூங்கோதை வேலைக்குத் திரும்பிய அன்று, அணிவகுப்பில் எங்கள் எல்லார் முன்னிலையிலும் மேஜர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

“மன்னிப்பு இருக்கட்டும், சார்,” என்றாள். “இனிமே அந்தப் புரோகிராமை வாசலுக்குக் கொண்டாரதுக்கு முன்னாடி நான் அடிச்சிப் பார்க்கணும். நான் சரின்னு சொன்னாதான் வரணும்.”

ஹம்சா என்னைப் பார்த்தார், நான் ஹம்சாவைப் பார்த்தேன். சோதனை விதிகளின்படி அவளுக்கு மேஜரைவிட உயர்ந்த பதவி தேவை. மேஜர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். “சரிம்மா,” என்றார்.

அதிலிருந்து எங்கள் பிரிவில் பூங்கோதை கைபடாமல் ஒரு புரோகிராமும் வெளியே போகவில்லை. அவளுடைய முறையில் ஒழுங்கு எதுவும் கிடையாது. தப்பாக அடிப்பாள், திருத்துவாள், திருத்தியதைத் தப்பாக்குவாள், நடுவில் உள்ளங்கையால் விசைகளை அமுக்குவாள். திருத்திய புரோகிராமை மேஜர் முதல் தடவை கொண்டுவந்தபோது, அவளிடம் அது பத்து நிமிடம் கூடத் தாங்கவில்லை. திரை அப்படியே நின்றுவிட்டது. யாரும் இப்படி அடிக்க மாட்டார்கள் என்று மேஜர் வாதாடினார். மழை நாளில் லோரியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றாள் அவள்.

மேஜர் போய் உட்கார்ந்தார். மழைக்காலம் முழுக்க, காலை வேளைகளில் வாசல் கவுண்டரில் அவள் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டு, டிரைவர்களிடம் சீட்டு வாங்கித் தட்டினார். ராணுவத்தில் தண்டனையாகக் காவல் வேலை கொடுப்பார்கள், தமக்குத் தாமே அதைக் கொடுத்துக்கொண்டார் என்று ஹம்சா சொன்னார். மேஜரோ, கள ஆய்வு என்றார். ஈரச் சட்டையோடு வந்த டிரைவர்கள் அவரை “பாஸ், சீக்கிரம் லா” என்று அதட்டினார்கள். இரண்டாம் வாரத்தில் அவரே உள்ளங்கையால் விசைகளை அமுக்கியதை நான் பார்த்தேன்.

கணேசன் மட்டும் எங்கள் யார்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தான். தன் கம்பெனியில் கேட்டு வேறு பாதைக்கு மாற்றிக்கொண்டான். அவனைப் பற்றி மேஜர் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் லோரி கேட்டுக்கு வரும்போதெல்லாம் டிரைவரின் முகத்தைப் பார்க்க லேசாகக் குனிவார்.

பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் நான் கவுண்டருக்குப் புதிய புரோகிராமை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெளியே நின்ற லோரியிலிருந்து கணேசன் இறங்கி வந்தான். அன்றைக்கு வேறு டிரைவர் கிடைக்காமல் அவனையே அனுப்பியிருக்கிறார்கள். வரிசையில் நின்றான். மழைக்காலம் முடிந்தும் கவுண்டரை விடாத மேஜர்தான் அவன் முறை வந்தபோது எதிரே இருந்தார். அவன் சீட்டை நீட்டினான், மேஜர் வாங்கிக்கொண்டு விசைப்பலகையின் மேல் கையை வைத்தார்.

“நீங்க அடிக்க வேணாம், சார்,” என்றான் கணேசன். “தங்கச்சி அடிக்கட்டும்.”

குரலில் கோபம் இல்லை. மேஜர் எழுந்தார். சீட்டைப் பூங்கோதையிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் இழுத்து வழி விட்டார். பூங்கோதை எண்ணைத் தட்டினாள். திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். கணேசன் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். சரி என்று தலையசைத்துவிட்டுப் போய் லோரியில் ஏறினான். கேட் திறந்தது. லோரி வெளியேறி ரோட்டில் திரும்பும் வரை மேஜர் நின்றுகொண்டே இருந்தார். வரிசையில் அடுத்து நின்ற டிரைவர், “பாஸ், நீங்க உட்காரலாம் லா,” என்றார்.